நாற்பது நிமிட வேலை

என் அண்ணன் கொத்தனார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவது அண்ணியைப் பற்றித்தான் என்றாலும், கோபம் பெரும்பாலும் அவன் மேல். கொஞ்சம் என் மேலும் உண்டு. அது போகப் போகத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் அவன் கை படாத வீடு குறைவு. அதிலும் சமையலறை கட்ட வேண்டுமென்றால் அவனைத்தான் தேடி வருவார்கள். "அடுப்பு மேடைக்கு எதிர்ல ஜன்னல் வெச்சிடுங்க. அதுக்கு மேல புகை போக ஒரு வழி. இல்லன்னா வீட்டுப் பொம்பளைங்க எப்படி மூச்சு விடுவாங்க?" என்று வீடு கட்டுகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பான். என்ன அறிவு, என்ன அக்கறை என்று அவர்களும் தலையாட்டுவார்கள். ஊருக்குத்தான் உபதேசம். அவனுடைய சொந்த வீட்டுச் சமையலறையில் ஜன்னல் கிடையாது.

ஒரு காலத்தில் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மகனுக்கென்று ஓர் அறையைச் சமையலறையை ஒட்டி எழுப்பினான். பழைய ஜன்னல் அந்த அறைக்குள் திறக்கும்படி ஆகிவிட்டது. மகன் அறைக்குள் புகை போகுமே என்று செங்கல் வைத்து அதை அடைத்தான். "தெருப்பக்கச் சுவத்துல வேற ஜன்னல் வெச்சுத் தரேன். ஒரு நாள் வேலை. வர்ற ஞாயித்துக்கிழமை பாத்துடலாம்" என்று அண்ணியிடம் சொன்னான். அந்தத் தெருப்பக்கச் சுவரில் கூரையை ஒட்டி இரண்டு செங்கல் அளவுக்கு ஓர் ஓட்டையாவது இருந்தது. மகன் கல்யாணத்துக்கு வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது, ஓட்டைக்கு மேலே கரி படிந்து பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அதையும் பூசி மெழுகிவிட்டான். சுவர் அழகாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் நிறத்தைப் பாராட்டினார்கள்.

உள்ளே எட்டடிக்கு ஆறடி. கூடத்தைப் பார்த்து ஒரே ஒரு கதவு. மேலே தகரம். தரையோடு தரையாக ஒரு மண் அடுப்பு. காலையில் நாலு பேருக்கு வேண்டியதும் ராத்திரிக்கு வேண்டியதும் அதில்தான் வேகும். அண்ணன் வேலை முடிந்து சிமெண்டோடு வருவான், அவனுக்கு ஒரு அண்டா வெந்நீர். விறகுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை என்பதில் அவனுக்கு ஒரே பெருமை. கான்கிரீட் போடும் இடத்தில் மிஞ்சும் சென்ட்ரிங் பலகைத் துண்டுகளை வாரத்துக்கு ஒரு மூட்டை கொண்டுவந்து போடுவான். சிமெண்ட் ஒட்டாமல் இருக்கப் பழைய இன்ஜின் ஆயில் பூசிய பலகைகள் அவை. இடையிடையே பெயிண்ட் அடித்த பழைய கதவு, நிலைச்சட்டம். எரிந்தால் மஞ்சளாக ஒரு புகை கிளம்பும், கண்ணைத் திறக்க முடியாது. குண்டு பல்பை அண்ணி வாரத்துக்கு ஒருமுறை துடைப்பாள். துடைத்த துணி அதற்கப்புறம் எதற்கும் ஆகாது.

வீட்டில் காஸ் அடுப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கூடத்து மூலையில், மேஜை மேல், பூப்போட்ட பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு பத்திரமாக இருக்கிறது. விருந்தாளி வந்தால் உறையைக் கழற்றி டீ போடுவார்கள். விருந்தாளி போனதும் துடைத்து, மறுபடி போர்த்திவிடுவார்கள். "காஸ்ல வெச்ச சோத்துல ருசி எங்க இருக்கு?" என்பான் அண்ணன். ருசி பார்க்கிற நாக்கு ஒருவனுக்கு, புகை குடிக்கிற நெஞ்சு இன்னொருத்திக்கு.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு இருபது, எனக்குப் பன்னிரண்டு. இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு. ஆள் ஒல்லி, வாய் மட்டும் ஊரளவு. யார் மாதிரி வேண்டுமானாலும் பேசிக் காட்டுவாள். தெருவில் கீரை விற்கிறவர், பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் தலைமையாசிரியை, நடந்துகொண்டே தூங்குகிற தபால்காரர், எல்லாரும் அவள் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். என் மாமியாரைப் பேசிக் காட்டினால் எனக்கே ஒரு கணம் தூக்கிவாரிப் போடும். ஒரே மூச்சில் ஆரம்பித்து, நடுவில் சிரிக்காமல், கடைசி வார்த்தையைத் தட்டென்று போட்டு முடிப்பாள். அதில்தான் வித்தையே இருந்தது.

அந்த மூச்சு எப்போது குறைய ஆரம்பித்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் எல்லாரும் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தோமே. "அண்ணி, கதவைச் சாத்துங்க, புகை வருது." இதை நான் கல்யாணமாகிப் போகிற வரைக்கும் தினமும் சொல்லியிருக்கிறேன். பாடம் படிக்க முடியவில்லை, கண் எரிகிறது, துவைத்த துணியில் நாற்றம் ஏறுகிறது. அவளும் "இதோ, இதோ" என்று சாத்திக்கொள்வாள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. சொன்னேனே, என் மேலும் கோபம் உண்டென்று.

'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்று பழமொழி சொன்னவர்கள், அடுப்பூதும் பெண்ணுக்கு நுரையீரல் எதற்கு என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதுதானே நடந்தது.

முதலில் இருமல் காலையில் மட்டும் வந்தது. பிறகு பொழுதெல்லாம். அவள் தெருமுனையில் வரும்போதே வீட்டில் இருமல் கேட்கும். அண்ணன் அதற்கு ஒரு பெயர் வைத்தான், 'சைரன்'. "சைரன் வந்தாச்சு, தட்டைப் போடுங்க" என்பான். மகன் சிரிப்பான். அண்ணியும் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடியும். நானும்தான் சிரித்தேன்.

பக்கத்து கிளினிக்கில் ஒன்பது வருஷம் இருமல் மருந்து கொடுத்தார்கள். மூன்று தடவை காசநோய் சோதனைக்குச் சளி எடுத்தார்கள், மூன்று தடவையும் ஒன்றுமில்லை என்று வந்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கட்டம் இருக்கும். புகைப்பழக்கம் உண்டா? இல்லை. அந்த இல்லையோடு ஆராய்ச்சி முடிந்தது. வேறு எதையும் கேட்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே பஞ்சுத்தூசி பறக்கிறதென்று முகமூடி கொடுக்கிறார்கள், காற்றை உறிஞ்சி வெளியே தள்ள ஆளுயர விசிறி வைத்திருக்கிறார்கள், வருஷத்துக்கு இரண்டு தடவை ஓர் ஆய்வாளர் வந்து விசிறி ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அண்ணியின் எட்டடிக்கு ஆறடிக்கு எந்த ஆய்வாளர் வருவார்? அவள் செய்வதற்கு வேலை என்று பெயரே இல்லையே.

போன மாதம் ஒருநாள், குழாயடியிலிருந்து வாசல் வரை ஒரு குடத்தைத் தூக்கிவர அவள் நான்கு இடத்தில் நின்றதைப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மறுநாளே தொழிற்சாலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

நுரையீரல் சோதனை அறையில் ஒரு சிறிய இயந்திரம், அதிலிருந்து ஒரு குழாய். சோதனை செய்கிற பெண் சின்னப் பெண்தான், என் மகள் வயதிருக்கும். "நல்லா மூச்சை இழுத்து, இதுல வாய வெச்சு, ஒரே தம்ல வேகமா ஊதணும்மா. நிறுத்தாம ஊதணும்" என்றாள். அண்ணி தலையாட்டினாள். குழாயைக் கையில் வாங்கினாள். முகத்தைச் சட்டென்று வலப்பக்கம் திருப்பி, தோள் பக்கமாக மூச்சை இழுத்து, மறுபடி நேராகத் திரும்பி, கன்னத்தை உப்பிக்கொண்டு மெதுவாக, சீராக ஊதினாள்.

"அப்படி இல்லம்மா. திரும்பாதீங்க. நேரா பாத்து மூச்சு எடுங்க. வேகமா ஊதுங்க."

அண்ணி மறுபடி திரும்பினாள், மறுபடி மெதுவாக ஊதினாள். மூன்றாவது தடவையும் அதே. எனக்கு எரிச்சலாக வந்தது. "அண்ணி, அவங்க சொல்றது காதுல விழலியா?" என்றேன். "விழுதுடி. ஆனா தானா திரும்புது" என்றாள் அவள்.

அந்தப் பெண் குழாயைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வீட்ல என்ன அடுப்பும்மா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கே புரிந்தது. அண்ணி ஊதிக்கொண்டிருந்தது ஊதுகுழலை. நேராக மூச்சை இழுத்தால் புகை நெஞ்சுக்குள் போகும், அதனால் முகத்தைத் திருப்பி இழுக்க வேண்டும். வேகமாக ஊதினால் சாம்பல் பறக்கும், அதனால் சீராக ஊத வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் கழுத்துக்குப் பழகிய பழக்கம். ஒன்பது வருஷமாக எந்த டாக்டரும் கேட்காத கேள்வியை, அண்ணியின் கழுத்து திரும்பியதைப் பார்த்து ஒரு சின்னப் பெண் கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது எனக்கு.

டாக்டர் அம்மா முடிவைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" என்றார். எங்கள் வீட்டில் ஒருவரும் அதைத் தொட்டதுகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

"பல வருஷமா சிகரெட் பிடிச்சவங்க நுரையீரல் எப்படி இருக்குமோ அப்படி இருக்கு இவங்களுக்கு. அடைச்ச ரூம்ல விறகுப்புகை, அதுலயும் ஆயில் பூசின கட்டை. காத்து போற குழாய் எல்லாம் சுருங்கிப்போச்சு. உள்ள போற காத்து முழுசா வெளிய வரல. போனது போனதுதான், திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

"சிகரெட்டாவது பிடிச்சிருக்கலாம் டாக்டர். நாலு பேரோட வாசல்ல நின்னு காத்து வாங்கியிருப்பேன்" என்றாள் அண்ணி. டாக்டர் அம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மூச்சில் இழுக்கிற மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?" என்று கேட்டார். அண்ணன் மகனின் குழந்தை, எட்டு மாதம், என்றேன். "அப்ப நல்லா கேட்டுக்கங்க. குழந்தை நெஞ்சுக்கு இந்தப் புகை இன்னும் மோசம். நிமோனியா வரும். அடுப்பை மாத்துங்க. உடனே முடியலன்னா புகை வெளிய போக வழி பண்ணுங்க. இவங்க மட்டும் இல்ல, யாரு சமைச்சாலும் சரி."

அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். அண்ணன் ஆடிப்போய்விட்டான், அதையும் சொல்ல வேண்டும். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "இனிமே நீ அடுப்புப் பக்கமே போகக் கூடாது. தலைகீழா நின்னாலும் விடமாட்டேன்" என்றான் அண்ணியிடம். மகன் வேன் ஓட்டுகிறவன், ஓடிப்போய் மருந்து வாங்கி வந்தான். ஆளாளுக்குத் தாங்கினார்கள். "யாரு சமைச்சாலும்னு சொன்னாங்கண்ணே. அந்த ஜன்னல்…" என்று நான் ஆரம்பித்தேன். "வெச்சிடலாம், வர்ற ஞாயித்துக்கிழமை" என்றான். எனக்கு மறுநாள் காலை ஷிஃப்ட். சரி என்று பஸ் ஏறிவிட்டேன். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்காமல் வந்தேனே, அதற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

மூன்று ஞாயிறு போனது. மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் அங்கே போனேன்.

கூடத்தில் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் மருந்துக் குழல். அண்ணனும் மகனும் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் காஸ் அடுப்பு பூப்போட்ட உறைக்குள் நிம்மதியாக இருந்தது. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்குக் கீழே இடுக்கு வழியாகப் புகை ஊர்ந்து வந்தது. உள்ளே அண்ணியின் மருமகள் இருமினாள்.

அண்ணியை அடுப்பிலிருந்து எழுப்பி, அந்த இடத்தில் மருமகளை உட்கார வைத்திருந்தார்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டதென்று அவ்வளவு பேரும் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆளை மாற்றினார்கள், அடுப்பை மாற்றவில்லை, சுவரைத் தொடவில்லை. இதற்கா நான் ஒருநாள் முழுக்க ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தேன்?

"குழந்தை எங்க?" என்று கேட்டேன்.

"அவ இடுப்புல. கீழ விட்டா கத்தறா" என்றான் மகன், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல்.

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே குழந்தை இருமியது. சின்ன இருமல், காய்ந்த இருமல், நாலைந்து சேர்ந்தாற்போல.

அண்ணன் சிரித்தான். "குட்டி சைரனும் ஆரம்பிச்சிடுச்சு" என்றான்.

அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தாள். கதவோரம் கிடந்த அண்ணனின் சாமான் பையைத் திறந்தாள். சுத்தியலையும் உளியையும் எடுத்தாள். சமையலறைக் கதவைத் திறந்தாள், புகை கூடத்துக்குள் கொட்டியது. "குழந்தையைத் தூக்கிட்டு வெளிய போ" என்றாள் மருமகளிடம். மருமகள் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் "போம்மா" என்றேன்.

அண்ணி அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். தெருப்பக்கச் சுவரில் உளியை வைத்து அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். நெஞ்சு பறை அடித்தது. மறுபடி மூன்று அடி. கரி பிடித்த பூச்சு ஒரு விரல் அளவு பெயர்ந்தது.

அண்ணன் ஓடிவந்தான். "என்ன பண்ற நீ? தூசிடி, தூசி உனக்கு ஆகாது."

அண்ணி திரும்பினாள். "புகை ஆச்சா?"

நான் அவள் முந்தானையையே நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டி, வாசலில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். திரும்பி வந்து நானே சுத்தியலை எடுத்தேன். எனக்குத் தையல் மிஷின்தான் தெரியும், சுவரைப் பற்றி என்ன தெரியும்? இரண்டாவது அடி என் கட்டைவிரலில் விழுந்தது. வலியில் கெட்ட வார்த்தை ஒன்று வந்தது, அதை அண்ணனைப் பார்த்தே சொன்னேன். எத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்தேனோ.

"குடு இப்படி" என்றான் அவன்.

பென்சிலால் கோடு போட்டான், இரண்டடிக்கு இரண்டடி. மேல்வரிசைச் செங்கல் இறங்காமல் இருக்க ஒரு பலகையை முட்டுக் கொடுத்தான். மூலையிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தளர்த்தி எடுத்தான். மகன் கல்லை வாங்கி வெளியே அடுக்கினான். தொழில் தெரிந்தவன் கை, குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசிக் கல்லை எடுத்ததும் வெயில் உள்ளே வந்து எதிர்ச்சுவரில் விழுந்தது. கறுப்பென்று அதுவரை நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது கறுப்பே இல்லை. இதுதான் கறுப்பு. தாரை ஊற்றியதுபோல மினுமினுத்தது. அண்ணன் தன் கொத்துக்கரண்டியால் சுரண்டிப் பார்த்தான், கரி பட்டையாக உரிந்து வந்தது.

மகன் மேஜை மேலிருந்த காஸ் அடுப்பின் உறையை உருவி எறிந்தான். சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. "தினமும் காஸ்னா…" என்று அண்ணன் வாயெடுத்தான். மகன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

நான் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். வாசலில் அண்ணியிடம் போய், "முடிஞ்சிடுச்சு அண்ணி" என்றேன். "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"நாப்பது நிமிஷம்."

அவள் எழுந்து மெதுவாக உள்ளே வந்தாள். நடுவில் ஒருமுறை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துளை வழியாகத் தெருவைப் பார்த்தாள். சைக்கிளில் போன ஒருவர் இவள் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனார். மருமகள் குழந்தையோடு பின்னாலேயே வந்து நின்றாள்.

அண்ணி அண்ணன் பக்கம் திரும்பினாள். இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள், தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவனைப் பேசிக் காட்டப்போகிறாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் பேசிக் காட்டாத ஒரே ஆள் அவன்தான்.

"ஒரு நாள் வேலை" என்றாள். அச்சு அசல் அவன் குரல். "வர்ற ஞாயித்துக்கிழமை…"

அங்கே மூச்சு நின்றது. வாயைத் திறந்தபடி காற்றுக்காக நின்றாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. ஒருவரும் சிரிக்கவில்லை. மருந்துக் குழலை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு இழுப்பு இழுத்தாள். அப்புறமும் கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அண்ணன் கையில் கரண்டியோடு, அந்த வாக்கியம் முடிவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

"…பாத்துடலாம்" என்று முடித்தாள் அண்ணி, தன் சொந்தக் குரலில்.